பசித்தவர்கள் இடது பக்கம்

அத்தியாயம் 3

பன்னிரண்டாம் எண் அறையில் ஒரு துண்டை இரண்டு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையில் பல் டாக்டர், மறுமுனையில் புல்லாங்குழல் வாத்தியார். இரண்டு வாயிலும் பற்பசை நுரை. இரண்டு கையிலும் அதே அறையின் சாவி. முன்பின் தெரியாத இருவரும் ராத்திரி முழுக்க ஒரே கட்டிலில் ஒட்டிப் படுத்திருக்கிறார்கள். டாக்டர் தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தார் என்பது வாத்தியாரின் புகார். வாத்தியார் தூக்கத்தில் வாசித்தார், அதுவும் பக்கத்தில் படுத்தவரின் விலா எலும்பில் விரல் வைத்து வாசித்தார் என்பது டாக்டரின் புகார்.

"பல் டாக்டரே பல்லைக் கடிச்சா, மத்தவன் யாரை நம்பி வாயைத் திறப்பான்?" என்றான் வால்.

"முதல்ல நீ மூடு, மச்சான்" என்றார் கொக்கி.

கொக்கி துப்பறிகிறவர். யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு கேள்வியை மாட்டி இழுப்பார். அதனால் அந்தப் பெயர். வால் அவருடைய மனைவிக்குத் தம்பி. கோழிப் பண்ணை, போட்டோ ஸ்டுடியோ, சைக்கிள் வாடகை என்று மூன்று தொழில் பார்த்து மூன்றிலும் மண்ணைக் கவ்வியவன். "இவனை உங்ககூடவே வச்சுக்கோங்க" என்று அக்கா சொன்ன ஒரே தகுதியில் உதவியாளர் ஆனவன். மாமா எங்கே போனாலும் பின்னாலேயே போவான். அந்தப் பெயருக்கு வேறு காரணமும் உண்டு என்று அக்கா சொல்வாள்.

லாட்ஜில் இந்தக் கூத்து வெயில் காலம் தொடங்கியதிலிருந்து நடக்கிறது. ஒரே அறை இரண்டு பேருக்குப் போகிறது. இரண்டு பேரும் முறையாகப் பதிவு செய்தவர்கள். இருவர் போனிலும் அறை உறுதி என்ற செய்தி இருக்கிறது. பொய் சொல்கிறவர் யாரும் இல்லை, ஆனால் கட்டில் ஒன்றுதான்.

"மச்சான், கட்டிலுக்கு அடியில பாரு."

வால் மண்டிபோட்டுக் குனிந்து பார்த்தான். "ஒரு செருப்பு, ஒரு சீப்பு. வேற யாரும் இல்ல, மாமா."

"அலமாரிக்குள்ள?"

அலமாரிக் கதவில் 'திறந்தவரே மூடவும்' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது. அந்த லாட்ஜில் குழாய், ஜன்னல், குளிர்பெட்டி, ஷாம்பு பாட்டில் வரை எல்லாவற்றிலும் அதே வாசகம்தான். வால் திறந்தான், பார்த்தான், பயந்துபோய் மூடினான். உள்ளே யாரும் இல்லை.

"மூணாவது ஆளைத் தேடுறீங்களா? ரெண்டு பேருக்கே துண்டு பத்தலை."

"மூணாவது ஆள் இல்லைங்கிறதுதான் எனக்கு உறுத்துது" என்றார் கொக்கி. "ஒருத்தன் திருட்டுத்தனமா ரூமை ரெண்டாவது தடவை விக்கிறான்னு வை. ருசி கண்டவன் ரெண்டோட நிப்பானா? ஒண்ணையாவது மூணா, நாலா வித்திருக்க மாட்டான்? இத்தனை நாள்ல ஒரு ரூம்லகூட மூணு பேர் இல்ல. ஏன்?"

வாலுக்கு விடை தெரியவில்லை. தெரியாதபோது அவன் செய்வதைச் செய்தான், தலையை ஆட்டினான்.

கீழே வரவேற்புக் கூடத்தில் முதலாளியம்மா காத்திருந்தார். மூன்று கட்டடம் கொண்ட அந்த லாட்ஜைக் கணவர் போன பிறகு ஒற்றை ஆளாக நடத்துகிற பெண்மணி. சிரித்து யாரும் பார்த்ததில்லை. உட்கார்ந்துகூடப் பார்த்ததில்லை என்று மேனேஜர் சொன்னார்.

"இன்னிக்கு சாயங்காலம் ஊழியர் எல்லாரையும் கூட்டியிருக்கேன்" என்றார் முதலாளியம்மா. "குற்றவாளி யாரா இருந்தாலும் சரி, பெட்டியோட வாசலுக்கு வெளியே. சொந்தம் பந்தம் பார்க்க மாட்டேன். ஒருவேளை உங்களால கண்டுபிடிக்க முடியலைனாலும், யாரை வெளியே அனுப்பணும்னு எனக்குத் தெரியும்."

சொல்லும்போது அவர் பார்வை பின்கட்டுப் பக்கம் போயிற்று. அங்கேதான் துணி துவைக்கும் அறை. உள்ளே அவருடைய மருமகள் துண்டு மடித்துக்கொண்டிருந்தாள். லாட்ஜின் அறைப் பதிவுக்கான கம்ப்யூட்டர் நிரலை எழுதியவள் அவள்தான். குழப்பம் தொடங்கிய அன்றே அவளைக் கம்ப்யூட்டர் அறைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி, துண்டு மடிக்கப் போட்டுவிட்டார் மாமியார். அவள் புருஷன் கப்பல் வேலையில் நடுக்கடலில் இருந்தான். அவன் திரும்பி வரும்போது வீட்டில் பெண்டாட்டி இருப்பாளா என்பது இன்று சாயங்காலம் தெரிந்துவிடும்.

"அம்மா, அறை கிடைச்சும் நிம்மதி கிடைக்காத விருந்தாளிங்க எல்லாரையும் இந்தக் கூடத்துக்கு வரச் சொல்ல முடியுமா?" என்றார் கொக்கி.

வந்தார்கள். ஜோடி ஜோடியாக, முறைத்தபடி வந்தார்கள். பல் டாக்டரும் வாத்தியாரும் துண்டை விடாமலே வந்தார்கள். ஒரு லாரி டிரைவரும் அவரோடு மாட்டிக்கொண்ட யோகா ஆசிரியரும் வந்தார்கள். புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று தலைகுனிந்து வந்தது. அவர்கள் அறையில் இரண்டாவதாக வந்து சேர்ந்தவர் ஓய்வு பெற்ற நீதிபதி. "இரவு முழுவதும் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தேன். அந்தச் சுவரின் ஒவ்வொரு விரிசலும் எனக்கு மனப்பாடம்" என்று அவர் பொதுவாக அறிவித்தார்.

கொக்கி ஒரு ஸ்டூல்மேல் ஏறினார். "ஒரே ஒரு கேள்வி. ரூம் போட்டீங்களே, அந்த நேரத்துல உங்களுக்குப் பசிச்சுதா?"

எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி வயித்துல கூச்சல் இருக்கும்ல, அந்தப் பசி. பசியோட போட்டவங்க இடது பக்கம் போங்க. சாப்பிட்டு, லேசா கண்ணு சொருகுற நேரத்துல போட்டவங்க வலது பக்கம்."

வால் மாமாவின் காதருகே போனான். "எந்த நேரத்துல போட்டீங்கனு நேரா கேட்டாத்தான் என்ன?"

"கேட்டா ஆளுக்கு ஒரு நேரம் சொல்வாங்க, பாதி தப்பா இருக்கும். வயிறு அப்படி மறக்காது."

முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்கள். பல் டாக்டர் இடது பக்கம் போனார், வாத்தியார் வலது பக்கம். துண்டு நடுவில் விறைத்து நின்றது. புது ஜோடி இடது, நீதிபதி வலது. "எனக்கு எப்பவுமே பசிதான்" என்று லாரி டிரைவர் இடது பக்கம் போனார். யோகா ஆசிரியர் அன்று சாப்பாட்டுக்குப் பிறகு செய்யக்கூடாத ஆசனத்தைச் செய்து, வலி தாங்காமல் படுத்தபடி ரூம் போட்டதாகச் சொல்லி வலது பக்கம் போனார். கடைசி ஜோடிவரை அப்படியே. ஒரு அறைக்கு ஒரு பசி, ஒரு ஏப்பம்.

"புரியுதா மச்சான்? ரூமை யாரும் ரெண்டா விக்கலை. ஒரு நாளைத்தான் யாரோ ரெண்டா வெட்டியிருக்காங்க. சரியா மதியச் சாப்பாட்டு நேரத்துல."

வாலுக்கு மயிர்க்கூச்செறிந்தது. சாப்பாடு என்ற சொல் காதில் விழுந்தாலும் அவனுக்கு அப்படி ஆகும் என்பதால், எதனால் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

துணி துவைக்கும் அறையில் மருமகள் கழுத்துவரை துண்டுகளுக்கு நடுவே நின்றாள். சின்ன உருவம், தூக்கம் கெட்ட கண்.

"உங்க மெஷினுங்க எப்படி வேலை செய்யுதுனு எனக்குப் புரியற மாதிரி சொல்லும்மா" என்றார் கொக்கி. "இவனுக்குப் புரியணும்னு அவசியமில்ல."

அவள் முதல் தடவையாக லேசாகச் சிரித்தாள். "மூணு கட்டடம், மூணு வரவேற்பு மேஜை. மேஜைக்கு ஒரு மெஷின். மூணும் உள்ள ஒரே அறையில இருக்கு, கூட்டாத்தான் வேலை பார்க்கும். ஒண்ணு படுத்துட்டாலும் மத்த ரெண்டும் தாங்கிக்கும். வெளியில யாருக்கும் தெரியவே தெரியாது. கிளஸ்டர்னு சொல்வோம். அத்தை அதுங்களுக்குப் பேர் வச்சிருக்காங்க. மூத்தவன், நடுவன், கடைக்குட்டி."

"ரூம் விஷயம் எங்க இருக்கும்?"

"எது காலி, எது போச்சுங்கிறதை மூணும் பொதுவா ஒரு இடத்துல ஞாபகம் வச்சுக்கும். கேஷ் மெமரினு பேரு. காசு இல்ல சார், சட்டுனு எட்டிப் பார்க்கிற ஞாபகம். சுவத்துல மாட்டின பலகைனு வச்சுக்கங்களேன். மூணும் அதைத்தான் பார்க்கும், மூணும் அதுலதான் எழுதும். ராத்திரி எல்லாம் முடிஞ்சதும் பலகையில இருக்கிறது பெட்டகத்துக்குள்ள பத்திரமா போயிடும்."

"பலகையை மாட்டுறது யாரு?"

"காலையில முதல்ல கண் முழிக்கிறவன். எப்பவும் மூத்தவன்தான். பின்னாடி வர்றவங்க, பலகை இருக்கா, இருக்கு, சரினு சேர்ந்துக்குவாங்க."

"கழட்டுறது?"

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "மாட்டினவன்."

"மத்த ரெண்டு பேரும் இன்னும் பார்த்துக்கிட்டிருந்தாலுமா? ஏன்?"

அவள் பேசாமல் சுவரைக் காட்டினாள். சலவை இயந்திரத்துக்கு மேலே சிவப்பு எழுத்து: 'திறந்தவரே மூடவும்.'

"நான் முதல்ல வேற மாதிரிதான் எழுதினேன் சார். பலகையை எத்தனை பேர் பார்த்துக்கிட்டிருக்காங்கனு எண்ணிக்கிட்டே இருக்கணும், கடைசியா போறவன் கழட்டணும்னு. ராத்திரி சாப்பிடும்போது அத்தைகிட்ட சொன்னேன். ஒத்துக்கவே இல்ல. 'கடைசியா போறவன் மூடணும்னா ஒருத்தனும் மூட மாட்டான். எனக்குப் பின்னாடி ஒருத்தன் இருக்கான்னு நினைச்சுக்கிட்டே எல்லாரும் போயிடுவான்'னாங்க."

"அதுவும் நியாயமாத்தானே இருக்கு?"

"நியாயம்தான் சார்! ஒருத்தன் சொல்லாம கொள்ளாம செத்து விழுந்துட்டா எண்ணிக்கை குறையவே குறையாது. பலகை யாருக்கும் இல்லாம தொங்கிக்கிட்டே இருக்கும். அதுக்காக அப்பப்போ 'இருக்கியா'னு ஒரு குரல் கொடுத்து, பதில் சொல்லாதவனை எண்ணிக்கையிலேருந்து எடுத்துடணும். அதைச் சொல்றதுக்குள்ள அத்தை கை கழுவ எழுந்துட்டாங்க. நானும் சரி, வீட்டுல சண்டை எதுக்குனு அவங்க சொன்னபடியே எழுதிட்டேன்."

"மாமியார் மருமகள் சண்டையை மெஷினுக்குள்ள ஏத்தினா, அது மட்டும் என்ன பண்ணும் பாவம்" என்றான் வால்.

கொக்கி அவனைக் கண்டுகொள்ளவில்லை. "மூத்தவன் பகல்லயே போயிட்டா?"

"போறப்போ பலகையைக் கழட்டிட்டுப் போயிடுவான். நடுவனும் கடைக்குட்டியும் தேடிப் பார்ப்பாங்க. காணோம். சரி, நாமளே ஒண்ணு மாட்டுவோம்னு, பெட்டகத்துல நேத்து ராத்திரி வச்சதைப் பார்த்துப் புதுசா ஒண்ணு மாட்டிடுவாங்க. காலையில போன ரூம் எல்லாம் அதுல காலி."

"காலியா இருக்கிறதைத் திரும்ப வித்துடும்."

"ஆமா சார். ஆனா மூத்தவன் பகல்ல போக மாட்டான்." அவள் அடுத்த துண்டை எடுத்தாள். கண் துண்டிலேயே இருந்தது. "யாராவது அனுப்பி வச்சாத்தான் போவான்."

வெளியே வந்ததும் வால் கேட்டான். "மாமா, பாவம் அந்தப் பொண்ணு. சாயங்காலம் அவளை வெளியே அனுப்பிடுவாங்களா?"

"அதுக்கு முன்னாடி மதியச் சாப்பாடு இருக்கே" என்றார் கொக்கி.

கம்ப்யூட்டர் அறையின் சாவி, முதலாளியம்மா அறைக்கு வெளியே ஒரு ஆணியில் எல்லோர் கைக்கும் எட்டும்படி தொங்கியது. அதை யாரும் எடுக்கலாம். அதனால் யாரையும் சந்தேகப்படலாம். உள்ளே மூன்று மெஷின்களும் வரிசையாக நின்றன. நடுவனும் கடைக்குட்டியும் சத்தமில்லாமல் இருந்தன. மூத்தவன் மட்டும் மூச்சிரைக்கிற மாதிரி முனகினான். காற்றாடி தேய்ந்துபோயிருக்க வேண்டும்.

கொக்கி சுற்றிச் சுற்றி வந்தார். "என்ன தெரியுது மச்சான்?"

"அறையில ஒரு ஃபேன். அது மூத்தவன் பக்கம் மட்டும் திரும்பியிருக்கு. மத்த ரெண்டுக்கும் காத்தே கிடையாது, ஓரவஞ்சனை." வால் கையை மூத்தவன் தலைமேல் வைத்தான். சட்டென்று எடுத்தான். "மாமா! ஈரத்துணி! நல்லா பிழிஞ்சு, நாலா மடிச்சு, காய்ச்சல்காரன் நெத்தியில போடுற மாதிரி போட்டிருக்கு!"

கொக்கி துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"நாம தப்பான ஆளைத் தேடியிருக்கோம், மச்சான். இந்த லாட்ஜ் மேல வன்மம் உள்ளவன் யாருனு தேடினோம். இதைப் பண்றது வன்மம் இல்ல."

"பின்ன?"

"பாசம்."

மெஷின் வந்த பெரிய அட்டைப் பெட்டி மூலையில் கிடந்தது. சாப்பாட்டு மணி அடிப்பதற்குச் சற்று முன் இருவரும் அதற்குள் புகுந்தார்கள். கொக்கியின் முழங்கால் வாலின் மோவாயில் இருந்தது. கூடத்திலிருந்து தட்டுச் சத்தமும், சூடான சாப்பாட்டு மணமும் வந்தன. வாலின் வயிறு வாய்விட்டுக் கேட்டது.

"அதை அடக்கு" என்றார் கொக்கி.

"அது என் பேச்சைக் கேட்டிருந்தா நான் ஏன் மாமா இந்த நிலைமையில இருக்கேன்?"

கதவு திறந்தது. இருவரும் மூச்சை நிறுத்தினார்கள். உள்ளே வந்தவர் மேனேஜர்.

வால் மாமாவின் முழங்காலைக் கடித்து மகிழ்ச்சியைத் தெரிவித்தான். மேனேஜர் கதவைச் சாத்தினார். இரண்டு பக்கமும் பார்த்தார். மூத்தவனை நோக்கி நடந்தார். நடந்து, அவனுக்குப் பின்னால் இருந்த அலமாரியின் கண்ணாடிக் கதவு முன்னால் நின்று தலையை வாரினார். பிறகு கைகட்டி, தன் உருவத்தைப் பார்த்துச் சொன்னார்:

"அம்மா, எனக்கு ரெண்டு நாள் லீவு வேணும்."

கொஞ்சம் யோசித்தார். தலை சாய்த்துச் சொன்னார்: "அம்மா, தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரு நாள் லீவு." நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார்: "அம்மா, நானும் மனுஷன்தான்!" அதைச் சொன்னதும் அவருக்கே பயமாகிவிட்டது. "ஒண்ணுமில்லம்மா, சும்மா வந்தேன்" என்று கண்ணாடியிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சீப்பைப் பையில் செருகிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"இவரைத்தான் நான் குற்றவாளினு முடிவு பண்ணி வச்சிருந்தேன்" என்றான் வால் வருத்தமாக.

"என் முழங்காலை விடு."

கதவு மறுபடி திறந்தது. இந்தத் தடவை மெதுவாக, சத்தம் வராதபடி யாரோ பிடித்துத் திறந்தார்கள். முதலாளியம்மா உள்ளே வந்தார்.

சாவியைத் தேடி வந்திருப்பார், தங்களைத் தேடி வந்திருப்பார் என்று வால் என்னென்னவோ நினைத்தான். அவர் நேராக மூத்தவனிடம் போனார். ஈரத்துணியை எடுத்து, திருப்பிப் போட்டார். பக்கத்திலிருந்த முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். ஆம், உட்கார்ந்தார்.

"போதும்டா கண்ணா" என்றார். அது வேறு யாரோ பேசுகிற குரல் மாதிரி இருந்தது. "காலையில எல்லாருக்கும் முன்னாடி எழுந்திரிச்சு, இப்படி முனகிக்கிட்டே கிடக்கே. கேட்க ஒரு நாதி இல்ல. அவனுங்க ரெண்டு பேரும் பார்த்துக்குவானுங்க. நீ கொஞ்சம் படு."

பொத்தானை அமுக்கினார். முனகல் நின்றது. அறை அமைதியானது. அந்த அமைதியில் முதலாளியம்மா கண்ணை மூடிக்கொண்டு, கையை மூத்தவன் மேல் வைத்தபடி இருந்தார். வாலுக்கு, கல்நெஞ்சுக்காரி என்று காலையிலிருந்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

வயிற்றுக்கு அந்த வெட்கமெல்லாம் இல்லை. அது மறுபடியும் கத்தியது.

"யாரது, பெட்டிக்குள்ள?" முதலாளியம்மா எழுந்து நின்றார்.

கொக்கி அட்டையை விலக்கிக்கொண்டு எழுந்தார். "நீங்க வச்ச ஆளுங்கதான்மா."

நொடியில் பழைய முகம் திரும்பிவிட்டது. "இங்க என்ன பண்றீங்க? குற்றவாளி கிடைச்சாச்சா?"

"கிடைச்சாச்சு."

"யாரு?"

வாழ்க்கையில் முதல் தடவையாகக் கொக்கியிடம் கேள்வி எதுவும் இல்லை. அவர் தரையைப் பார்த்தார். வாலால் பொத்தானைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவன் பார்த்த இடத்தை முதலாளியம்மாவும் பார்த்தார்.

"நான் இவனைக் கொஞ்ச நேரம் படுக்க வச்சேன்" என்றார் மெல்ல. "சாப்பாடு முடிஞ்சதும் எழுப்பிடுவேன். அதுல என்ன?"

"போகும்போது இவன் பலகையைக் கழட்டிட்டுப் போறான்மா. மத்த ரெண்டு பேரும் எழுதிக்கிட்டிருக்கிற பலகையை."

"எதுக்குக் கழட்டணும்?"

"இவன் மாட்டினது. திறந்தவன்தானே மூடணும்?"

கேள்வி எவ்வளவு மெதுவாக வந்தாலும் கொக்கி கொக்கிதான். முதலாளியம்மா மூத்தவனைத் திரும்பிப் பார்த்தார். புத்திசாலி மனுஷி, மீதியை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சட்டமும் அவருடையது, பொத்தான் மேல் இருந்த விரலும் அவருடையது. நடுவில் எழுதிக் கொடுத்த ஒரே குற்றத்துக்காக ஒருத்தி அங்கே துண்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்?" என்றார்.

நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார். மொத்த ஊழியரும் கையும் வாயுமாக இருந்தார்கள். "ரூம் குழப்பத்துக்குக் காரணமான ஆள் கிடைச்சாச்சு" என்று அறிவித்தார். "நான்தான். சொன்ன சொல் சொன்னதுதான். பெட்டி எடுத்துக்கிட்டு வர்றேன்."

யாருக்கும் விளங்கவில்லை. மேனேஜர் மட்டும் எழுந்து நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல், "அம்மா, லீவா?" என்று கேட்டார்.

நிஜமாகவே பெட்டியோடு வந்தார். விருந்தாளிகளும் கூடிவிட்டார்கள். நீதிபதி, "தன் வழக்கில் தானே தீர்ப்புச் சொல்வது முறையல்ல" என்று ஆட்சேபம் தெரிவித்தார். பல் டாக்டரும் வாத்தியாரும் ஒரே துண்டால் ஆளுக்கொரு கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முதலாளியம்மா யாரையும் பார்க்காமல் கூடத்தைக் கடந்து வாசலுக்குப் போனார். அதற்குள் மருமகள் பின்கட்டிலிருந்து ஓடி வந்து வழியில் நின்றாள்.

"உனக்கு இது முன்னாடியே தெரியும், இல்லையாம்மா?" என்று கேட்டார் கொக்கி. "யாராவது அனுப்பினாத்தான் போவான்னு சொன்னப்போ நீ என் முகத்தைப் பார்க்கலையே."

"தெரியும் சார்."

கூடமே அவளைப் பார்த்தது. முதலாளியம்மா பெட்டியைக் கீழே வைத்தார்.

"தெரிஞ்சும் ஏன் வாயைத் திறக்கலை? உன்னை வெளியே அனுப்பியிருப்பேனே!"

"ஒரு நாள் கதவு இடுக்குல பார்த்தேன், அத்தை. கண்ணானு கூப்பிட்டீங்க." மருமகளின் குரல் உடைந்தது. "நான் இந்த வீட்டுக்கு வந்து இத்தனை வருஷத்துல நீங்க யாரையும் அப்படிக் கூப்பிட்டுக் கேட்டதில்ல. உங்க பையனைக்கூட. அதைப் போய் எல்லார் முன்னாடியும் குற்றம்னு எப்படிச் சொல்றது? கம்ப்யூட்டர் அறைக்குள்ள ஒரே ஒரு தடவை விட்டிருந்தா நானே சத்தமில்லாம சட்டத்தை மாத்தியிருப்பேன். நீங்க பாட்டுக்கு அவனைப் படுக்க வச்சிருக்கலாம்."

முதலாளியம்மாவின் வாய் இரண்டு முறை திறந்தது. திறந்தது மூடிக்கொள்ள மறந்தது.

"அவன் முனகுறான்ல" என்றார் கடைசியில், யாரிடம் என்றில்லாமல். "நானும் எங்க வீட்டுல மூத்தவதான். எனக்குத் தெரியும்."

லாட்ஜின் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து மருமகளிடம் நீட்டினார். "இந்தா. சட்டத்தை மாத்து. எண்ணுறதோ, குரல் கொடுக்கிறதோ, உனக்கு எது சரியோ அப்படி எழுது. நான் வர்றேன்."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார். யாரும் தடுக்கவில்லை. அவரை இதுவரை யாரும் தடுத்துப் பழக்கமில்லை. வால் மாமாவின் கையைப் பிடித்து, "ஏதாவது சொல்லுங்க மாமா, ஏதாவது கேளுங்க" என்று உலுக்கினான். கொக்கி தலையை ஆட்டினார்.

படியின் கீழே அவர் கால் வைத்ததும் மருமகள் கூப்பிட்டாள்.

"அத்தை."

அவர் நின்றார். திரும்பவில்லை.

"சொன்ன சொல் மாற வேண்டாம். முதலாளியம்மாவை வெளியே அனுப்பியாச்சு, சரி. அது உங்க தீர்ப்பு, நான் குறுக்க வரலை." அவள் படியிறங்கி, பெட்டியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அத்தையை யார் வெளியே அனுப்பினா? நீங்க உள்ள வாங்க."

முதலாளியம்மா திரும்பிப் பார்த்தார். மருமகளைப் பார்த்தார், அவள் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார். தெருவில் ஒரு சைக்கிள்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

"உள்ள வந்து நான் என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம் அத்தை."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

அவர் அதை யோசித்துப் பார்த்தார். மூன்று கட்டடத்தையும் அத்தனை ஊழியர்களையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்த அந்தப் பெண்மணி, சின்னப் பிள்ளை கேட்பது மாதிரி நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"அது எப்படிம்மா செய்யறது?"

"வாங்க" என்று மருமகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.